மொழியக்கா விழுங்கிய வசவுகள்

அந்தத் தகர டப்பாத் தொழிற்சாலையில் மொழியக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஃபோர்மேன் சொல்வதை வெளிநாட்டு இன்ஜினியரிடம் சொல்ல வேண்டும், இன்ஜினியர் சொல்வதை ஃபோர்மேனிடம் சொல்ல வேண்டும். இரண்டையும் அவர் ஒருநாளும் செய்ததில்லை. தொழிற்சாலை நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

மொழிபெயர்க்கிற அக்கா என்று நீட்டி முழக்க நேரமில்லாமல் தொழிலாளிகள் வைத்த சுருக்கப் பெயர்தான் மொழியக்கா. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் துணிப்பை, வாயில் எப்போதும் ஒரு ‘தயவுசெய்து’. பிறந்ததிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை அவர் நாக்கில் ஏறியதில்லை. ‘சனியன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில்கூட ‘சரி, விடுங்க’ என்பார்.

ஃபோர்மேனின் பட்டப்பெயர் இடி. அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்துக் கூடத்தில் தகடு வெட்டுகிறவர்கள் கையை உதறிக்கொள்வார்கள். சிலருக்குப் பேச்சைத் தொடங்க ‘அதாவது’ வேண்டும், சிலருக்கு ‘வந்து’ வேண்டும். இடிக்கு ‘எருமை’ வேண்டும். அதில் பகையும் இல்லை, எருமையும் இல்லை. மனதுக்குப் பிடித்தவனை ‘அடப்பாவி’ என்பார். ரொம்பப் பிடித்தவன் என்றால் அவன் அப்பாவையும் சேர்த்துக்கொள்வார். யாரையாவது ‘வாங்க, உக்காருங்க’ என்று கூப்பிட்டுவிட்டால்தான் அந்த ஆள் தான் செய்த தப்பு என்ன என்று தேட ஆரம்பிப்பான்.

மூடி பொருத்துகிற புது இயந்திரத்தோடு கூடவே வந்து இறங்கியவர் இன்ஜினியர். நிலைப்படியில் குனிந்தே பழகிய உயரம். பார்த்த முதல் நாளே இடி அவருக்கு ‘ஒட்டடைக்கொம்பு’ என்று பெயர் சூட்டிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்ஜினியர் கேட்டபோது மொழியக்கா கொஞ்சம் யோசித்து, “உயரத்தில் இருப்பதையும் சுத்தமாக வைத்திருப்பவர்” என்றார். இன்ஜினியர் நெகிழ்ந்துபோனார். பெயிண்டரைப் பிடித்து, தன் மஞ்சள் ஹெல்மெட்டில் அதைத் தமிழிலேயே பெரிதாக எழுதச் சொல்லி, போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினார்.

இன்ஜினியரும் சொக்கத்தங்கம் ஒன்றுமில்லை. அவர் ஊர்க்காரர்கள் வைவதற்கு நோய்களை எடுத்துக்கொள்வார்கள். போல்ட் கை நழுவினால் ‘காலரா!’ மூடி கோணினால் ‘பெரியம்மை!’ இயந்திரம் மொத்தமாக நின்றுவிட்டால் ஒரு நீண்ட வாக்கியம் வரும். அதில் எதிராளியின் நுரையீரலில் தொடங்கி அவன் பேரப்பிள்ளைகளின் குடல்வரை ஒரு ஆஸ்பத்திரியே அடங்கியிருக்கும். எல்லாவற்றையும் உதடு அசையாமல், பிரார்த்தனை மாதிரி முணுமுணுப்பார்.

“அந்த ஒட்டடைக்கொம்புகிட்ட சொல்லு அக்கா. மூடி கோணலா விழுது. மூஞ்சில இருக்கறது கண்ணா, இல்ல சட்டை பட்டனா?” என்பார் இடி.

“மூடி சற்றே சாய்வாக விழுகிறதாம். உங்கள் பார்வை பட்டால் சரியாகிவிடும் என்கிறார்” என்பார் மொழியக்கா, அந்த மொழியில்.

“இவன் குடலில் டைபாய்டு புக. நேற்று சுத்தியலால் தட்டிக் கெடுத்ததே இவன்தான்” என்பார் இன்ஜினியர்.

“இப்பவே பாக்கறேங்கறார். உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான்லாம் சின்னப் பையன்னும் சொல்றார்.”

இடியின் மீசை மேலே ஏறும். “என்ன இருந்தாலும் படிச்சவன் படிச்சவன்தான்யா” என்று நாலு பேர் காதில் விழச் சொல்வார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. இடியின் குரல் உரக்க இருந்ததே, இன்ஜினியருக்குச் சந்தேகம் வரவில்லையா என்றால், இடி தன் மனைவியிடம் போனில் கொஞ்சுவதும் அதே சுருதியில்தான்.

மொழியக்கா இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு அவர் இன்ஜினியரின் நாட்டில், படுக்கையில் விழுந்த ஒரு பணக்கார அம்மாளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தவர். மொழி அங்கே கற்றதுதான். போன புதிதில், அந்த அம்மாள் எழுந்திருக்கத் தடுமாறியபோது, “எதற்குச் சிரமப்படுகிறீர்கள், சோம்பேறியாகப் படுத்திருங்களேன்” என்று அன்பொழுகச் சொல்லிவிட்டார். அந்த ஊரில் திருடன் என்றால் மன்னிப்பார்கள், குடிகாரன் என்றால் சிரிப்பார்கள். சோம்பேறி என்றால் உறவு முறிந்தது. அந்த அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். மகன் வந்து சமாதானம் பேசும்வரை மொழியக்கா கையால் மருந்துகூட வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே நாலு தரம் உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்புகிற பழக்கம் அன்றைக்கு வந்தது. நாளடைவில் துப்புவதும் நின்று விழுங்குவது மட்டும் மிஞ்சியது.

இப்படி விழுங்கிக்கொண்டிருந்த தொண்டை ஒருநாள் கட்டிக்கொண்டது. இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திக் குரல்நாண் வீங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். ஒரு வாரம் மூச்சுக் காட்டக் கூடாது. மீறினால் குரலே போய்விடும்.

தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக வந்திருந்த மனிதவள அதிகாரிக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. சின்ன வயசு, பெரிய புன்னகை. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழிகாட்டு நெறி இருந்தது. கைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்தார்.

“அக்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க. இது நாப்பது மொழி பேசும். உள்ளதை உள்ளபடி சொல்லும்.”

‘அதுதானே பயமாக இருக்கிறது’ என்று சொல்ல மொழியக்காவுக்கு வாய் இல்லை. வீட்டிலிருந்தால் அலமாரியை ஒழிக்கச் சொல்வார்கள் என்பதால் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்து, இயந்திரத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு நாள் வேலை அதிகம் என்பதால் பேச்சு குறைவு. தப்பித்தார்கள். மூன்றாம் நாள் மூடி பொருத்துகிற பகுதி சிக்கிக்கொண்டது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இன்ஜினியர் மட்டும் இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, எண்ணெய் முகத்தில் சொட்டச் சொட்ட அதைச் சரிசெய்து முடித்தார். மற்றவர்களோடு சாப்பிட்டுத் திரும்பிய இடி பார்த்தார். அவர் மனம் பொங்கிவிட்டது.

“அடப்பாவி! சாப்பிடாம கொள்ளாம முடிச்சிட்டியா!”

போன் ஒரு கணம் யோசித்தது. பிறகு இன்ஜினியரின் மொழியில் கணீரென்று சொன்னது: “பாவியே! உண்ணாமலும் கொல்லாமலும் முடித்துவிட்டாயா?”

இன்ஜினியரின் ஊரில் ‘பாவி’ என்ற சொல் புழங்குவது இரண்டே இடங்களில். ஒன்று பிரசங்க மேடை. மற்றது தூக்குத் தண்டனைத் தீர்ப்பு. அவர் முகம் வெளுத்தது. “நான் யாரையும் கொல்லவில்லை” என்றார் மெதுவாக. போன் அதையும் சிரத்தையாகச் சொன்னது.

“யாருய்யா உன்னைக் கொலைகாரன்னு சொன்னா?” இடிக்குச் சிரிப்பு வந்தது. “வேலைதான் முடிஞ்சுதே. கொஞ்ச நேரம் சோம்பேறியா உக்காரு. டீ சொல்றேன்.”

மொழியக்கா ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். “உனக்கும் சொல்றேன் அக்கா, உக்காரு” என்றார் இடி. அதற்குள் போன் முந்திக்கொண்டது: “வேலை முடிந்தது. சோம்பேறியே, உட்கார்.”

எண்ணெய் வழிகிற முகத்தோடு இன்ஜினியர் நிமிர்ந்து நின்றார். அவ்வளவு உயரத்தை அதுவரை யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. வழக்கமான முணுமுணுப்பு இல்லை, உரக்கவே சொன்னார். போன் ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணின் குரலில், பணிவோடு மொழிபெயர்த்தது.

“தங்களுக்கு வாந்திபேதி உண்டாகட்டும். தங்கள் இல்லத்தாருக்கும் உண்டாகட்டும்.”

இடியின் மனைவி அதே வாந்திபேதியில் போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் கிடந்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, பாதி உடம்பாக வீடு திரும்பியிருந்தார்.

அதற்குப் பிறகு இடி சொன்னவை எல்லாம் நிஜமான வசவுகள். வாழ்நாள் முழுக்க வசவுகளைச் சும்மா காற்றில் வீசிக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் குறி வைத்து எறிந்தார். “செருப்பு பிஞ்சிடும்டா” என்றார். “காலணி கிழிந்துவிடும்” என்றது போன். இன்ஜினியர் குனிந்து தன் இரும்பு முனை பூட்ஸைப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. “நாயே” என்றார் இடி. இன்ஜினியர் வீட்டில் நாய் கட்டிலில் தூங்கும், அதற்குத் தனிப் போர்வை உண்டு. அவர் முகம் ஒரு நொடி கனிந்தது. கடைசியாக இடி, இன்ஜினியரின் அம்மாவை இழுத்து, இங்கே எழுத முடியாத ஒன்றை அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டார். போன் சொன்னது: “மன்னிக்கவும். இந்தச் சொற்றொடர் எங்கள் பயன்பாட்டு நெறிகளுக்கு ஏற்றதல்ல. வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள்.”

ஆக, காயப்படுத்தவே சொன்ன வார்த்தைகளில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. அன்பாகச் சொன்னவைதான் வசவாகச் சேர்ந்துவிட்டன.

மொழியக்கா போனை எடுத்து எண்ணெய் வாளிக்குள் போட்டார். பிறகு அதிகாரி காரணத்தை எழுதிக்காட்டச் சொன்னபோது, கை தவறி விழுந்தது என்று எழுதிக்காட்டினார்.

இன்ஜினியர் விடுதி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இடி வீட்டுக்குப் போய்ப் போனை அணைத்து வைத்துவிட்டார். இயந்திரம் சரியான நிலையில், ஓட்ட ஆளில்லாமல் நின்றது.

மொழியக்காவுக்குக் குரல் கரகரவென்று திரும்பிய மறுநாளைக்கு விசாரணை வைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் மனிதவள அதிகாரி அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “போன் போயிடுச்சு அக்கா. ரெண்டு மொழியும் தெரிஞ்ச சாட்சி இனி நீங்க மட்டும்தான். நடந்ததை ஒரு வார்த்தை விடாம ரெண்டு மொழியிலயும் சொல்லணும். ஒரு வருஷமா சண்டையே வராததைப் பாத்தாலே தெரியுது, வழக்கம்போல நைஸா மாத்திடாதீங்க.”

அந்த ‘வழக்கம்போல’ சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போனதும் குளியலறைக்குள் புகுந்து, குழாயைத் திறந்துவிட்டு, இடியின் கடைசி வசவைச் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. பாதியில் இருமல் வந்தது. மறுபடி முயன்றார். கதவு தட்டப்பட்டது.

வெளியே நின்றது நாத்தனார். பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வுபெற்று, தம்பி வீட்டோடு வந்து இருப்பவர்.

“உள்ள யார்கூட சண்டை?”

“யாரும் இல்ல அண்ணி. நாளைக்கு ஆபீஸ்ல சொல்லணும். பேசிப் பழகறேன்.”

“எங்க, சொல்லு பாப்போம்.”

மொழியக்கா கதவிடுக்கு வழியாகச் சொன்னார். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். “வரம் குடுக்கற மாதிரி இருக்கு. மொதல் எழுத்துலயே அழுத்தணும். நடுவுல ‘தயவுசெஞ்சு’ எதுக்கு?” என்றவர், தானே ஒருமுறை சொல்லிக் காட்டினார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மொழியக்காவின் கணவர், பேப்பரோடு எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

“உங்களை இப்படியெல்லாம் பேசியிருக்காங்களா அண்ணி?”

“தினம் பேசுவானுங்க. பஸ் கெளம்பினதும் எனக்கு மறந்துடும்.” நாத்தனார் துண்டை மடித்துக் கொடியில் போட்டார். “ஒருத்தன் மட்டும், ‘அம்மா, உங்களுக்கு வயசாயிடுச்சு, கஷ்டப்படாதீங்க, வேற யாராவது வரட்டும்’னான். அவன் மட்டும் எங்கயாவது சிக்கட்டும்.”

விசாரணை அறையில் மேஜையைச் சுற்றி நாலு பேர். மனிதவள அதிகாரி வழிகாட்டு நெறியைத் திறந்து வைத்திருந்தார். அதில் வசவுகள் கடுமையானவை, நடுத்தரமானவை, லேசானவை என்று அழகாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கடுமையானதிலிருந்தே தொடங்கலாம் என்றார்.

மொழியக்கா கண்ணை மூடிக்கொண்டு, முதல் எழுத்தில் அழுத்தம் கொடுத்து, இன்ஜினியரின் மொழியில் அதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

இன்ஜினியர் குழப்பத்தோடு பார்த்தார். “என் அம்மாவா? அவருக்கு இவரைத் தெரியவே தெரியாதே. போட்டோகூடப் பார்த்ததில்லை.”

“என்ன சொல்றான்?” என்றார் இடி ஆவலோடு.

“உங்களை அவங்கம்மாவுக்குத் தெரியாதாம்.”

தன் வாழ்நாளின் சிறந்த வசவு இப்படி மண்ணைக் கவ்வியதில் இடிக்கு முகம் விழுந்துவிட்டது. அதிகாரி ‘கடுமையானவை’ பக்கத்தைத் திருப்பப் போனார். இன்ஜினியர் கையை உயர்த்தித் தடுத்தார். “அதெல்லாம் பரவாயில்லை” என்றார். “ஆனால் இவர் என்னைச் சோம்பேறி என்றார், எல்லோர் முன்னாலும், வேலையை முடித்து எழுந்த நிமிஷத்தில்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

மொழியக்கா சொன்னார். அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். சோம்பேறி லேசானவற்றில்கூட இல்லை. “எங்கப்பா என்னை தினமும் சொல்வாரே” என்றார்.

“அதுக்கா அழறான்?” இடி திகைத்துப்போனார். “ஞாயித்துக்கிழமை பூரா நான் அப்படித்தானே கெடக்கேன். அது எவ்வளவு சொகம்! அந்த சொகத்தை அவனும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்னு சொன்னேன்.” பிறகு குரலை இறக்கி, “அப்ப அந்த வாந்திபேதி? என் பொண்டாட்டியை எதுக்கு இழுத்தான்?” என்றார்.

“இழுக்கலை தம்பி. அவங்க ஊர்ல அது சும்மா சொல்றது. போல்ட்டைக்கூட அப்படித்தான் சொல்வார்.”

“எங்கிட்ட சொன்னதே இல்லையே?”

“தினமும் சொல்வார்.”

இடி நாற்காலியை மொழியக்கா பக்கம் திருப்பிப் போட்டார்.

“தினமுமா? நீ ஒருநாளும் சொல்லலையே அக்கா. அப்ப என்னதான் சொன்ன?”

ஒரு வார்த்தை விடாமல் சொல்லத்தானே உத்தரவு. மொழியக்கா சொன்னார். டைபாய்டு, பெரியம்மை, நுரையீரல், பேரப்பிள்ளைகளின் குடல், எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் இடி கேட்டது வேறு.

“‘உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் சின்னப் பையன்’னு சொன்னாரே?”

“அது நான் சொன்னது.”

இடி கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என் மாமனார் வீட்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்” என்றார். இடியின் குரல் இவ்வளவு சின்னதாகக்கூட இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்ஜினியர் மேஜைமேல் இருந்த தன் ஹெல்மெட்டைத் தன் பக்கம் திருப்பினார். “இதற்கு என்ன அர்த்தம்? உண்மையில்?” என்றார். மொழியக்கா உண்மையைச் சொன்னார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “அம்மா இதன் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்” என்றார்.

வைதவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மொழியக்காவைப் பார்த்தார்கள்.

மனிதவள அதிகாரி முட்டாள் இல்லை. “இவங்க ரெண்டு பேரும் பேசினது நாலு நிமிஷம்” என்றார். “நீங்க ஒரு வருஷமா பேசியிருக்கீங்க அக்கா.” எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன் என்பது மொழியக்காவுக்கு வாய்வரை வந்தது. அதுவும் இனிக்கிற மாதிரி இருந்ததால் விழுங்கிவிட்டார்.

சுற்றறிக்கை வந்தது. இனி மொழிபெயர்ப்பு உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். ‘பாவி’, ‘சோம்பேறி’, நோய்களின் பெயர்கள் ஆகியவை தொழிற்சாலை வளாகத்தில் தடை. அடுத்த மாதம் ஊரெல்லாம் காய்ச்சல் பரவியபோது ‘எனக்கு அது வந்துவிட்டது’ என்று எழுதி லீவு கேட்டார்கள். அம்மாவை இழுக்கிற வசவு மட்டும் தடையில் இல்லை. அதை எழுத்தில் போட அதிகாரிக்குக் கூச்சமாக இருந்தது.

மொழியக்கா உத்தரவுப்படி நடந்தார். மூஞ்சில இருக்கறது பட்டனா என்றால் பட்டனா என்றே கேட்டார். முதல் சில வாரம் நாளுக்கு மூன்று சண்டை. பிறகு சண்டையில் திருப்பிச் சொல்ல ஒருவர் மொழியில் மற்றவர் நாலைந்து வார்த்தை கற்றுக்கொண்டார்கள். போல்ட் நழுவினால் இடியே ‘காலரா’ என்றார். மூடி கோணினால் இன்ஜினியர் ‘எருமை’ என்றார், அழுத்தம் மட்டும் தப்பான இடத்தில் விழுந்தது. நண்பர்கள் என்று சொல்ல முடியாது. முன்போல் டீ வாங்கிக் கொடுத்துக்கொள்வதில்லை, மாமனார் வீட்டில் யாரும் யாரைப் பற்றியும் பெருமை பேசுவதில்லை. மூடிகள் நேராக விழுந்தன.

மொழியக்காவைத்தான் இடி தண்டித்தார். “மேடம், அந்த சார்கிட்ட சொல்லுங்க” என்றார். ‘அக்கா’ போய்விட்டது, ‘நீ’ போய்விட்டது. அவர் வந்தால் எழுந்து நாற்காலி போட்டார். ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதை. எந்த வழிகாட்டு நெறியைப் புரட்டினாலும் அது குற்றமாகாது. மொழியக்கா அதைத் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் நாத்தனாரிடம்கூடச் சொல்லவில்லை. தனக்கு என்ன நடக்கிறது என்று ஒருநாள் இன்ஜினியரிடம் விளக்க முயன்றார். “மரியாதையாகப் பேசுகிறார், அதுதான் பிரச்சினை” என்றார். இன்ஜினியர் கவலையோடு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

பல மாதம் கழித்து, தகட்டுச் சுருளைத் தூக்கி வந்த வண்டியின் பிடி தளர்ந்து சுருள் சரிந்தது. மொழியக்கா அதற்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

“அறிவு கெட்டவளே, தள்ளித் தொலை! காலு போயிடப்போவுது!” இடி ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தார். சுருள் நிலம் அதிர விழுந்தது. “கண்ணை எங்க வச்சிருக்க? செத்திருப்பியேடி அக்கா!”

மனிதவள அதிகாரி அங்கேதான் இருந்தார். பதறிப்போய் வந்தார். “அக்கா, அடி படலையே? அவர் பேசினது கேட்டுச்சு. புகார் குடுக்கறீங்களா?”

மொழியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எதுக்கும்மா?” என்றார்.

“அறிவு கெட்ட... அந்த மாதிரி சொன்னாரே.”

“ஆமா, சொன்னான்” என்றார் மொழியக்கா. அவர் யாரையும் ‘சொன்னான்’ என்று அதற்கு முன்பு சொன்னதில்லை. அதிகாரி காத்திருந்தார். விழுந்த சுருளைச் சுற்றி வந்து பார்த்த இன்ஜினியர், தடை செய்யப்பட்ட நோய்கள் அத்தனையையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “அவன் என்னக்கா சொல்றான்?” என்று இடி அங்கிருந்தே கத்தினார். மொழியக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டு அவர்கள் பக்கம் நடந்தார்.